சாட்சி நூல்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துச் சாயக்காரர் மயில்வாகனத்தைச் சண்டைக்கு இழுக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. "இன்னாபா, உன் சாயம் கொஞ்சம் விடுதாமே" என்று ஒரு வார்த்தை போதும். மனிதர் மொபெட்டை நடுத்தெருவிலேயே ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, எந்த நூல், எந்த நிறம், யார் வீட்டுத் தறி என்று துளைத்தெடுத்துவிடுவார். சொன்னவன் சும்மா சொன்னேன் என்று கும்பிடு போடும் வரை நகரமாட்டார். ஐம்பத்தாறு வயதில் சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது, முன்மண்டையில் முடி இல்லை. அதையெல்லாம் யார் கிண்டல் செய்தாலும் சேர்ந்து சிரிப்பார். சாயத்தை மட்டும் யாரும் தொடக் கூடாது.

அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த முதல் வருஷம், அவர் போட்ட அரக்குச் சிவப்பு ஒரு கல்யாணப் பெண்ணின் சந்தன நிற முந்தானையில் இறங்கிவிட்டது. அவரை மண்டபத்து வாசலுக்கே வரவழைத்து, பந்திக்குப் போகிறவர்கள் காது குளிர ஏசினார்கள். அன்றைக்குப் பிடித்த வழக்கம் ஒன்றை முப்பத்திரண்டு வருஷமாக அவர் விடவில்லை. சாயம் போட்டு அலசிப் பிழிந்த ஈர நூல்கட்டின், கழி என்பார்கள், நடுவில், சாயமே படாத ஒரு வெள்ளைப் பட்டு நூலைக் கட்டிவிடுவார். இரண்டும் ஒன்றாக நிழலில் காயும். காய்ந்ததும் வெள்ளையை அவிழ்த்து, கழியோடு சேர்த்துப் பட்டு முதலாளி கையில் கொடுப்பார். சாயம் துளி விட்டிருந்தாலும் வெள்ளை காட்டிக் கொடுத்துவிடும். அதற்குச் சாட்சி நூல் என்று அவரே பேர் வைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு சாட்சிகூட அவருக்கு எதிராகச் சொன்னதில்லை.

மனைவி இந்திராணி அவருக்கு நேர் எதிர். கோபம் என்பது என்ன விலை என்று கேட்பாள். வீட்டுக் கூடத்தில் தறி போட்டு நெய்கிறவள். பின்கட்டில் புருஷன் சாயம் போட்ட நூல், முதலாளி சிட்டிபாபுவின் கடைக்குப் போய், நீளவாட்டில் ஓடும் பாவாகவும் குறுக்கே ஓடும் ஊடையாகவும் திரும்பி அதே வீட்டுக் கூடத்துக்கு வரும். "பத்தடி தூரம் வர்றதுக்கு ஊரச் சுத்திக்கினு வருது பாருங்க" என்று அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

தறிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள், ஊடை நூல் சுற்றிய குச்சியான தாரைப் புதிதாகப் போடும்போது, ஊடை நூலின் முனை நாடாவின் பக்கத்திலுள்ள சின்னக் கண் வழியாக வெளியே வர வேண்டும். அந்தக் கண்ணில் வாயை வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சினால் நூல் உதட்டுக்கு வந்துவிடும். கம்பியை விட்டும் இழுக்கலாம்தான். வாய் இருக்கும்போது கம்பியை எதற்குத் தேடுவது என்பது அவர்கள் கட்சி. இந்திராணி ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது உறிஞ்சுவாள். அந்த ஆவணி மாதம் அவள் தறியில் ஓடிக்கொண்டிருந்தது ஆனந்தா நீலம்.

அந்த மாதத்தில் ஒரு புதன்கிழமை, நெசவாளர் சங்கக் கட்டடத்தில் ஒரு தொண்டு நிறுவனம் வாய்ப் பரிசோதனை முகாம் போட்டது. ஊசி கிடையாது, கத்தி கிடையாது, ரத்தம்கூட எடுக்கமாட்டோம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனதால் நல்ல கூட்டம். பக்கத்து வீட்டுத் துளசி வந்து இந்திராணியையும் இழுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் இந்திராணி வந்து கதை சொன்னபோது மயில்வாகனம் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். முதலில் காது கொடுக்கவில்லை. சாயம் என்ற சொல் விழுந்ததும் நிமிர்ந்தார். வாயைப் புளித்த தண்ணீரால் கொப்பளிக்கச் சொன்னார்களாம். பிறகு ஒரு நீலச் சாயத்தை ஊற்றிக் கொப்பளிக்கச் சொன்னார்களாம். மறுபடியும் புளித்த தண்ணீர், மறுபடியும் பச்சைத் தண்ணீர். நல்ல சதையாக இருந்தால் சாயம் முழுக்கப் போய்விடுமாம். புற்றாக மாறப் புறப்பட்ட சதை எங்கேயாவது இருந்தால், வலி வருவதற்கு முன்னாலேயே, அந்த இடத்தில் மட்டும் நீலம் நின்று காட்டிக் கொடுக்குமாம்.

"நாம புளிப்பு போட்டு சாயத்த நிக்க வெக்கிறோம், அவங்க புளிப்பு போட்டு வுட வெக்கிறாங்களா?" என்று கேட்டு மயில்வாகனம் வியந்துபோனார். அந்தச் சாயம் என்ன நீலம், எத்தனை நிமிஷம் வாயில் வைத்தார்கள், பல்லில் ஒட்டியதா என்றெல்லாம் கேட்டார். உனக்கு என்ன சொன்னார்கள் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள் என்று அவளாகவே சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் காலையில், காய்ந்த கழிகளைக் கொடுக்கச் சிட்டிபாபுவின் கடைக்குப் போனார். சிட்டிபாபு வீட்டில் தெலுங்கு பேசுகிற மனிதர், நாக்கில் கொஞ்சம் எள்ளல் உண்டு. சாட்சி நூலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், வழக்கமாகச் சொல்கிற பலே சொல்லவில்லை.

"ஏமய்யா மயிலு, இந்தச் சாட்சி என்னாத்துக்கு? பெரிய சாட்சி உன் வூட்லயே இருக்குதாமே" என்றார்.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. சிட்டிபாபுவின் மனைவி ரேவதியும் முகாமுக்குப் போயிருந்தாளாம். இந்திராணி எல்லாத் தண்ணீரிலும் கொப்பளித்த பிறகும் கீழுதட்டுக்கு உள்ளே நீலம் போகவில்லையாம். பரிசோதனை செய்த பெண் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நீங்கள் தறி நெய்கிறவரா என்று கேட்டாளாம். ஆமாம், ஆனந்தா நீலம் ஓடுது என்றாளாம் இந்திராணி. அப்படியென்றால் இது நாடாவில் உறிஞ்சின கறைதான் என்று அந்தப் பெண்ணும் எழுதிக்கொண்டாளாம். வரிசையில் நின்ற பெண்களெல்லாம், மயில்வாகனம் சாயம் பெண்டாட்டி வாயிலேயே ஒட்டிக்கொண்டது என்று சிரித்தார்களாம். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா?

மயில்வாகனத்துக்குக் காதோரம் சூடேறியது. கழிகளை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். தறியில் உட்கார்ந்திருந்த இந்திராணியிடம், நீ எப்படி ஆமாம் என்று சொல்லலாம் என்று குதித்தார். முப்பத்திரண்டு வருஷத்துப் பேரைக் கட்டினவளே கெடுக்கலாமா என்று கேட்டார். அவள் மிதிகட்டையிலிருந்து காலை எடுக்காமல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க சாயத்த நா ஒண்ணும் சொல்லலைங்க. அந்தப் பொண்ணு கேட்டுது, இருக்கும்னேன். வாய்க்குள்ள நா எங்க கண்ணாடி வெச்சா பாத்தேன்?" என்றாள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். மயில்வாகனம் ஊர் வாயையே மூடிவிடுவது என்று கிளம்பினார். அவள் தாரிலிருந்தே ஒரு முழம் ஆனந்தா நீலத்தை உருவினார். ஒரு வெள்ளை நூலோடு முறுக்கி, சோப்பு போட்ட வெந்நீரில் கொதிக்கவிட்டார். பிறகு புளிப்பில் போட்டார். பிறகு உப்பில் போட்டார். எச்சில் எந்த வகையில் சேர்த்தி என்று தெரியாததால் எல்லா வகையிலும் போட்டுப் பார்த்து, கடைசியில் காயவைத்தார். வெள்ளிக்கிழமை காலையில் எடுத்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. மனிதருக்குப் பத்து வயது குறைந்தது. சட்டைப்பையில் சாட்சி நூலை வைத்துக்கொண்டு, சிட்டிபாபுவை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்று மொபெட்டை எடுத்தார்.

வழியெல்லாம் மனதுக்குள் வசனம் கட்டிக்கொண்டே போனார். கடையில் நாலு பேர் இருக்க வேண்டும். நூலை மேஜைமேல் வைக்க வேண்டும். பாருங்க முதலாளி, என் சாயம் விடாது. உறிஞ்சினாலும் விடாது, கொதிக்க வைத்தாலும் விடாது. என் வீட்டுக்காரி வாயில் நின்ற நீலம் என்னுது இல்லை. அது அந்த டெஸ்ட்டு பண்ண சாயம்தான்.

கச்சபேஸ்வரர் கோயிலண்டை வரும்போது, அவர் சொல்லப்போகிற வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. அது அந்த டெஸ்ட்டு பண்ண சாயம்தான். மொபெட் தானாக மெதுவானது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்து, திட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு போனான். மயில்வாகனம் ஒரு பூக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார். பையிலிருந்த வெள்ளை நூலை எடுத்துப் பார்த்தார். தன்னை மெச்சிக்கொள்ள அவர் கட்டிய சாட்சி, தன் வீட்டுக்காரிக்கு எதிராகச் சொல்லிக்கொண்டிருந்தது.

சிட்டிபாபு கடைக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி, இந்திராணியைக் கொல்லைக்குக் கூப்பிட்டு, வெயிலில் நிற்க வைத்து வாயைத் திறக்கச் சொன்னார். முகாம் நீலம் ரெண்டு நாளில் போய்விட்டிருந்தது. கீழுதட்டை இழுத்துப் பார்த்தபோது, இடது பக்கம் உள்ளே ஒரு துவரம்பருப்பு அகலத்துக்கு வெளுத்திருந்தது. சுற்றிலும் மெல்லிய சிவப்பு. சரியாகப் பசை போகாத நூலில் சாயம் ஏறாமல் திட்டாக நிற்குமே, அந்த மாதிரி.

"எரியுதா?"

"காரம் பட்டா எரியும். ரெண்டு மாசமாவே அப்பிடித்தான். புகையிலை வெக்கிற எடந்தானே, வெந்துருக்கும்" என்றாள் அவள், வெகு சாதாரணமாக.

மயில்வாகனத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ரெண்டு மாசமாகக் குழம்பில் காரம் இல்லை, உப்பு இல்லை என்று எத்தனை நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறார். அவளுக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம் அந்தப் புகையிலை. தறியில் உட்கார்ந்தால் பசி தெரியாது என்று உதட்டுக்குள் அடக்கிக்கொள்வாள். வாராவாரம் ராஜாஜி மார்க்கெட்டில் கத்திரிக்காயோடும் வெற்றிலையோடும் அந்தப் பொட்டலத்தையும் சேர்த்து வாங்கி வந்தவர் வேறு யாரும் இல்லை, அவரேதான். அதை நினைத்து அழவேண்டும் போலிருந்தது. அவள் எதிரில் அழக் கூடாது என்று தொட்டியைக் கழுவப் போனார். தொட்டி ஏற்கெனவே கழுவித்தான் இருந்தது.

முகாமில் பரிசோதனை செய்த பெண்ணின் பேர் எஸ்தர், ஊர் ஏனாத்தூர் என்று துளசியிடம் விசாரித்துக்கொண்டு அன்றைக்கே புறப்பட்டார். போகும்போது கோபத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார். யார் மேலாவது கோபப்படாமல் அந்த நாலு மைலைக் கடக்க அவரால் முடியவில்லை.

காலனியில் மாதா படம் மாட்டிய சின்ன மாடி வீடு. எஸ்தரின் அம்மா சம்பூர்ணம் நாற்காலி எடுத்துப் போட்டாள். ஒருகாலத்தில் நாற்று நட்டவள், இப்போது யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் சமையல். மயில்வாகனத்தின் அப்பா காலத்தில் அவர்கள் வீட்டு ஆட்கள் இந்தத் தெருவுக்கு வந்து உட்கார்ந்திருக்கமாட்டார்கள், உட்கார்ந்தாலும் தண்ணீர் குடித்திருக்கமாட்டார்கள். சம்பூர்ணம் கொடுத்த டீயை அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, எஸ்தர் வந்ததும் வெள்ளை நூலை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

ஏசுவதற்கு என்று கட்டி வைத்திருந்த வசனம் ஒன்றும் வரவில்லை. "இது என் சாட்சி நூலும்மா. எங்க வூட்டு நாடாவுல ஓடுற நீலத்தோட சேத்துக் கொதிக்க வெச்சேன். என் சாயம் வுடல. நீ பாத்த கறை என்னுது இல்லம்மா" என்றார்.

எஸ்தருக்கு முப்பது வயதிருக்கும். நூலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூட லீவில் பிள்ளையார்பாளையத்து வீடுகளில் தார் சுற்றப் போய்க்கொண்டிருந்தவள். நாடாவில் உறிஞ்சுகிற பெண்களின் உதட்டில் சில நாள் நிறம் ஒட்டியிருப்பதைக் கண்ணால் பார்த்தே வளர்ந்தவள். வெளியூர்க்காரி யாராவது முகாமில் அவள் இடத்தில் உட்கார்ந்திருந்தால், ஒன்றும் புரியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதியனுப்பியிருப்பாள். எஸ்தருக்கு ஊர் தெரியும், அதனாலேயே தப்புச் செய்தாள். அன்றைக்கு நூற்று நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"தப்பு என்னோடதுங்கய்யா. சந்தேகம்னா அனுப்பணும், அதான் ரூல். எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

மயில்வாகனம் கொண்டுவந்த கோபத்துக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சம்பந்தமில்லாமல் அவரே அவளுக்குச் சமாதானம் சொன்னார். எஸ்தர் உடனே காரப்பேட்டையில் தனக்குத் தெரிந்த டாக்டருக்கு போன் போட்டாள். சாதாரணப் புண்ணாக இருந்தாலும் நீலம் நிற்கும், அதனால் பதினாலு நாள் அந்த இடத்தில் புகையிலை, நூல் எதுவும் படாமல் வைத்து, மறுபடி சாயம் விட்டுப் பார்ப்போம் என்றாள் டாக்டர். அப்போதும் நின்றால் அது புண் இல்லை.

காஞ்சிபுரத்தில் காரப்பேட்டை என்றால் அது ஓர் இடத்தின் பேர் மட்டும் இல்லை. அங்கே புற்றுநோய் ஆஸ்பத்திரி இருப்பதால், ஒருவரைப் பற்றி காரப்பேட்டைக்குப் போய் வருகிறார் என்று சொன்னால் கேட்டவர்கள் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். மயில்வாகனம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னபோது, இந்திராணி முதல் முறையாக மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தாள். வலியே இல்லாத வாய்க்கு காரப்பேட்டை எதற்கு என்றாள். புடவை பாதியில் நிற்கிறது என்றாள். அங்கே போனவர்கள் யார் திரும்பி வந்தார்கள் என்றாள்.

"வலி வந்த அப்பறம் போனவங்கதான் இந்திரா திரும்பி வரல. நாம வலி வர்றதுக்கு முன்ன போறோம்" என்றார் அவர். இது எஸ்தர் சொன்னது. சொல்லும்போது தன்னுடையதாகவே ஆகிவிட்டது.

புடவையை நிறுத்தமாட்டேன் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். சரி, நெய், உறிஞ்சாதே என்றார். அவளுக்குக் கம்பி சரிப்படவில்லை, நூல் பிரிந்தது. கடைசியில் மயில்வாகனம் சாய அடுப்பை அணைத்துவிட்டு, தறிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பதினாலு நாள் பின்கட்டில் புகை வரவில்லை. தார் மாறும்போதெல்லாம் அவள் நாடாவை நீட்டுவாள், அவர் உறிஞ்சி நூலை எடுத்துக் கொடுப்பார். ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள், மயில்வாகனத்துக்கு வயசான காலத்தில் வந்த மோகத்தைப் பாரு என்று கிண்டல் செய்தார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெந்நீர் வேறு, எச்சில் வேறு. ஒருவேளை எச்சிலுக்கு மட்டும் தன் சாயம் விடுகிறதோ? தினமும் சாயங்காலம் கொல்லைக்குப் போய் ஒரு வெள்ளைத் துணியில் துப்பிப் பார்ப்பார். கண்ணாடியில் உதட்டை இழுத்துப் பார்ப்பார். குமரக்கோட்டத்து முருகனிடம் அவர் இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டுக்கொண்டார். என் சாயம் விடட்டும் முருகா, என் பேர் போகட்டும், ஊரெல்லாம் சிரிக்கட்டும், ஒரு துளி, ஒரே ஒரு துளி நீலம் என் வாயில் ஒட்டட்டும். பதினாலு நாளும் துணி வெள்ளையாகவே இருந்தது. தன் வேலைப்பாட்டை நினைத்து அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக வயிறெரிந்தார்.

பதினைந்தாம் நாள் காலையில் மூவரும் காரப்பேட்டைக்குப் போனார்கள். எஸ்தர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். டாக்டர் காயத்ரி சின்ன வயசுக்காரி, படபடப்பில்லாத பேச்சு. வெளியே இருங்கள் என்று மயில்வாகனத்தைச் சொல்லப்போனவளிடம், இவர் சாயக்காரர், பார்த்தால் புரிந்துகொள்வார் என்று எஸ்தர் சொன்னதால் ஓரமாக நிற்க விட்டாள்.

இந்திராணி கொப்பளித்தாள். முதலில் அடர் நீலம் தொட்டியில் விழுந்தது. புளித்த தண்ணீரில் வெளிர் நீலமாக இறங்கியது. பிறகு ஆகாயம் வெளுக்கிற மாதிரி வெளுத்து, கடைசியில் வெறும் தண்ணீர் வந்தது. தண்ணீர் தெளிந்ததும் எப்போதும் மனம் நிறைகிறவர் அன்றைக்குத் தொட்டியை விட்டு அவள் உதட்டையே பார்த்தார். டாக்டர் கீழுதட்டை இழுத்து விளக்கை அடித்தாள். துவரம்பருப்பு அகலம், பளிச்சென்று நின்றது.

டாக்டர் வாய் திறப்பதற்கு முன்னால் மயில்வாகனம் சொல்லிவிட்டார்.

"நின்னுடுச்சிம்மா. நல்லா புடிச்சிருக்குது. எழுதிக்குங்க."

இந்திராணி வாயைத் திறந்தபடியே கண்ணை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. கையை நீட்டினாள். முழங்கை வரைக்கும் நிறமேறிய அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஒரு சின்ன பிரஷ்ஷால் அந்த இடத்தைத் தேய்த்து, கண்ணாடித் துண்டில் தடவி அனுப்பினாள். வந்த பதில் சரியில்லை. பிறகு ஒரு கிள்ளு சதை எடுத்துப் பார்த்தார்கள். எட்டு நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள். இது இன்னும் புற்று ஆகவில்லை, ஆகிறதுக்குப் புறப்பட்டுவிட்டது. ஒரு வருஷம் விட்டிருந்தால் பேச்சு வேறு. இப்போது அந்த இடத்தை மட்டும் எடுத்துத் தையல் போட்டால் போதும், புகையிலையை மறந்துவிட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்து இதே நீலத்தைக் கொப்பளித்துக் காட்ட வேண்டும். யார் இதைக் கண்டுபிடித்தது என்று டாக்டர் கேட்டாள். எஸ்தர் தன் பர்ஸில் பத்திரமாக வைத்திருந்த வெள்ளை நூலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

எடுத்தார்கள், தையல் போட்டார்கள். பத்து நாள் இந்திராணி கஞ்சியும் இளநீரும் குடித்தாள், மயில்வாகனமும் கூடவே அதையே குடித்தார். புகையிலையை விட அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தறியில் உட்கார்ந்தால் கை தானாக இடுப்புச் சுருக்குப்பைக்குப் போகும். அதில் அவர் ஏலக்காயும் கிராம்பும் போட்டு வைத்திருந்தார். ரெண்டு முறை பொட்டலம் வாங்கத் துளசி வீட்டுப் பெண்ணை ரகசியமாக அனுப்பி, ரெண்டு முறையும் அவளே குப்பையில் போட்டாள். பாதியில் நின்ற புடவை ஐப்பசிக்குத் தறியிலிருந்து இறங்கியது. சிட்டிபாபு விஷயம் தெரிந்து வீட்டுக்கே வந்து, நான் பேசின பேச்சை மறந்துடு மயிலு என்று கையைப் பிடித்துக்கொண்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்றார். அது போனதா இல்லையா என்று மயில்வாகனத்துக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. ஆறு மாதம் ஆக வேண்டும்.

பங்குனி உத்திரம் முடிந்த வாரத்தில் மறுபடி காரப்பேட்டை. டாக்டர் காயத்ரி அவரை இந்த முறை யாரும் சொல்லாமலே உள்ளே விட்டாள். புளித்த தண்ணீர், நீலம், மறுபடி புளித்த தண்ணீர். மயில்வாகனம் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அடர் நீலம் வெளிர் நீலமாயிற்று, வெளிர் நீலம் வெறும் தண்ணீராயிற்று. டாக்டர் விளக்கை அடித்துவிட்டு, நீங்களே பாருங்க சார் என்று நகர்ந்து இடம் விட்டாள்.

அவர் குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். தையல் போட்ட இடத்தில் ஒரு வெளிறிய கோடு, அவ்வளவுதான். மேலே, கீழே, இடது, வலது, நாக்குக்கு அடியில் எல்லாம் பார்த்தார். எங்கேயும் ஒன்றும் நிற்கவில்லை.

"வுட்டுடுச்சி" என்றார். அவருக்கே நம்பிக்கை வராமல் இன்னொரு தரம் பார்த்தார். பிறகு நர்ஸ், எஸ்தர், கதவுக்கு வெளியே காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, முகம் முழுக்கக் கண்ணீரும் சிரிப்புமாகச் சொன்னார். "சாயம் வுட்டுடுச்சிம்மா. சுத்தமா வுட்டுடுச்சி."

இந்திராணி வாயைத் துடைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, அவர் தோளைத் தொட்டாள்.

"மெதுவா சொல்லுங்க" என்றாள். "சிட்டிபாபு காதுல வுழுந்தா, நம்ம பொழப்பு போயிடும்."